பேட்டரியை மாத்து, பேட்டரியை மாத்து!

பட்டறையில் இப்படிச் சொன்னதைக் கேட்டு, எட்டு மாதத்தில் காருக்கு இரண்டு புது பேட்டரி வாங்கியிருக்கிறேன். இரண்டுமே தண்டம். வயிறு எரிகிறது.

நேற்று ராத்திரி கொட்டுகிற மழையில் கத்திப்பாரா பாலத்து மேலே வண்டி நின்றுபோனது. முதலில் ஹெட்லைட் மங்கியது. வைப்பர் பாதிக் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அப்புறம் இன்ஜினும் போச்சு. பின்னால் வந்த பஸ் அடித்த ஹார்னில் அம்மா நடுங்கிப் போனார். மூன்று மாதம்கூட ஆகாத பேட்டரி!

இன்று காலை புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் பானெட்டைத் திறந்ததும் செய்த முதல் வேலை, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியில் வைத்ததுதான். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். எனக்கு 11.9. ஹெட்லைட்டும் ஏசி ப்ளோயரும் போட்டதும் இன்னும் இறங்கியது. "டைனமோ சார்ஜே கொடுக்கல சார், பேட்டரி என்ன பண்ணும்?" என்றார். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது டைனமோதானே. கழற்றிக் காட்டினார்: டைனமோவுக்குள் சுற்றும் பாகத்தில் உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து நகக்கண் அளவுதான் மிச்சம். மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய்.

சரி, நான் வழக்கமாக விடும் பட்டறையில் என்ன செய்தார்கள்? இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "பாருங்க, வண்டி ஆஃப் ஆகல, டைனமோ ஓகே" என்றார்கள். இது சோதனையா? அந்த நேரத்தில் வோல்டேஜ் எகிறினால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே போய்விடும்! அது போயிருந்தால் யார் கொடுப்பார்கள்? பிரஷ் ஒரு நாள் ஒட்டும், ஒரு நாள் ஒட்டாது. வண்டி ஆஃப் ஆகவில்லை என்பதற்காக டைனமோ நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டிய சிவப்பு பேட்டரி விளக்கு சில நாள் எரிவதில்லை என்று அவர்களிடம் இரண்டு முறை சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

முதல் பேட்டரி செத்திருக்கவே இருக்காது. சார்ஜ் ஏறாமல் பட்டினி கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அதையும் எக்ஸ்சேஞ்ச் என்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மீட்டர் வைக்க இரண்டு நிமிஷம் ஆகுமா? அந்த இரண்டு நிமிஷம் இல்லாமல்தான் என் அம்மா நடுப்பாலத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

இரண்டு பில்லையும் அந்தத் தேய்ந்த பிரஷ்ஷையும் எடுத்துவைத்திருக்கிறேன். நாளைக் காலை பட்டறை திறக்கும்போது வாசலில் இருப்பேன்.