எல்லாவற்றுக்கும் 1/2000 ஒத்துவராது

விமான சாகசக் காட்சியைப் படமெடுப்பது பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடியில் வைத்துவிட்டுப் படமாக எடுத்துத் தள்ளுங்கள் என்கிறார் கட்டுரையாளர். ஜெட்டுக்குச் சரிதான். புரொப்பெல்லர் விமானத்தை அப்படி எடுத்தால் விசிறி அசையாமல் நின்றுவிடும். நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும் படம். 1/250-க்கு இறங்குங்கள், கை பழகியவர்கள் 1/125-க்கும் போகலாம். ஹெலிகாப்டர் இன்னும் படுத்தும். அதன் மேல் விசிறி நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுதான், 1/250-லும் கிட்டத்தட்ட உறைந்தே தெரியும். 1/60 வரை இறங்கினால்தான் சுழல்கிற உணர்வு வரும்.

படம் ஆடாதா என்றால், ஆடும். காலை ஊன்றிக்கொண்டு இடுப்பிலிருந்து திரும்புங்கள், கையை மட்டும் வீசாதீர்கள். விமானம் தூரத்தில் இருக்கும்போதே பிடித்து, பட்டனை அழுத்திய பிறகும் கூடவே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். முக்கால்வாசி குப்பைக்குத்தான் போகும், போகட்டும்.

வெளுத்த வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்துபோய் விமானத்தைக் கருப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றினால் அடிவயிற்றில் இருக்கும் ரிவெட் ஆணி வரிசைகூடத் தெரியும். இதைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

ஈரப்பதமான நாள் என்றால் சும்மா விடாதீர்கள். ஜெட் சட்டென்று வளையும்போது இறக்கையின் மேல் அழுத்தம் குறைந்து, காற்றிலுள்ள ஈரம் வெண்படலமாகத் திரளும். கண்ணிமைக்கும் நேரம்தான், திருப்பம் தொடங்கும் முன்பே தொடர் ஷாட்டில் விரல் இருக்க வேண்டும்.

மத்தியானத்தில் ஓடுபாதை ஓரம் தூரத்துப் படங்கள் வேண்டாம். வெப்பக்காற்றில் எல்லாம் நெளியும், எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும்.