அபராதம் இருக்கட்டும், அந்தக் கல்லைப் பாருங்கள்
அபராதத்தைக் கூட்டும் புதிய சட்டம் வந்தால் எரிவாயுக் குழாய் விபத்து குறையும் என்கிறது இங்கே வந்த கட்டுரை. எனக்கு நம்பிக்கையில்லை. கங்கைகொண்டான் பக்கம் எங்கள் வயல் வரப்பில், அடியில் எரிவாயுக் குழாய் போவதைச் சொல்லும் ஒரு எச்சரிக்கைக் கல் நிற்கிறது. அதிலிருந்த போன் நம்பரில் கடைசி நாலு எண் வெயிலில் வெளுத்துப் போச்சு. போன வருசம் பக்கத்து ஓடையில் ஜேசிபி இறங்கியபோது யாரிடம் சொல்வதென்று தெரியாமல், குறுக்கே போய் நின்று நிறுத்தியவர் என் சித்தப்பாதான். மேலே கருத்து எழுதிய ஒருவர் ‘கசிந்தால் வாசனை வருமே’ என்கிறார். சமையல் கேஸின் நாற்றம் மெர்காப்டன் என்ற ரசாயனத்தைக் கலப்பதால் வருவது. இந்தக் குழாயில் போவது இயற்கை எரிவாயு, அதற்குத் தனி வாசனை கிடையாது. 2014 ஜூன் 27 அதிகாலை ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அதற்குப் பிறகுமா இந்தச் சமாதானம்? முதலில் அந்தக் கல்லுக்கு வருசம் ஒருமுறை பெயின்ட் அடிப்பதைச் சட்டத்தில் எழுதட்டும், அபராதமெல்லாம் அப்புறம்.