பன்னிரண்டாம் வகுப்பு ‘உ’ பிரிவு எங்கே?

நம் பள்ளியின் பவள விழா மலரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மூன்று நாளாக டைம்லைன் முழுக்க அதுதான் ஓடுகிறது. நானும் 300 ரூபாய் கட்டி வாங்கினேன். முன்னாலிருந்து ஒரு முறை, பின்னாலிருந்து ஒரு முறை புரட்டிவிட்டேன். 1995-96 ப்ளஸ் டூ என்று போட்டு அ, ஆ, இ, ஈ நாலு வகுப்பு குரூப் போட்டோவும் இருக்கிறது. எங்கள் தொழிற்கல்வி வகுப்பான ‘உ’ பிரிவு இல்லை. எங்கள் வருடத்தில் மட்டுமல்ல, எந்த வருடத்திலும் இல்லை. மொத்த மலரிலும் எங்களைப் பற்றி இருப்பது ஒரே வரி: “தொழிற்கல்விப் பாடங்களும் பயிற்றுவிக்கப்பட்டன.”

பெயராவது போட்டிருக்கலாம். இதைத்தான் சொல்ல வந்தேன், வேறொன்றும் இல்லை. போட்டோ வேண்டாம், கட்டுரை வேண்டாம், பெயர்.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது 1978ல். தொழிற்பிரிவும் அதே சமயத்தில் வந்ததுதான், யாரும் பாவம் பார்த்துப் பிற்பாடு ஒட்டவைத்தது இல்லை. எங்கள் பள்ளியில் அது பொது இயந்திரவியல். மைதானத்தின் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட், ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வரிசையாக வைஸ். ஒரு சதுர இரும்புத் துண்டை அரத்தால் ராவி நாலு பக்கமும் மட்டம் பார்த்து வாத்தியாரிடம் காட்டினால், அவர் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் போச்சு, மறுபடி ராவ வேண்டும். இதுவும் படிப்புதான்.

குரூப் போட்டோ எடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேப்பமரத்தடியில் பெஞ்சை அடுக்கி, ஒவ்வொரு வகுப்பாகக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது ப்ராக்டிகல் பாதியில் ஓடி வந்தோம். நான் குள்ளம், அதனால் முன்னால் தரையில் உட்கார வைத்தார்கள். நகக்கண்ணெல்லாம் கருப்பு, சோப்புப் போட்டும் போகவில்லை. போட்டோகிராபர் “தம்பி, கையைப் பின்னால மறைச்சுக்கோங்க” என்றார். எங்கள் ஒர்க்‌ஷாப் வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “எதுக்கு மறைக்கணும்? முழங்கால் மேல வைங்கடா, நல்லாத் தெரியட்டும்.” அந்த வருட ஆண்டு மலரில் பாருங்கள், முன்வரிசையில் ஒன்பது பேர், பதினெட்டு கையும் தெரியும்.

அந்த மனிதர் இந்த மலரில் இல்லை. ஆசிரியர்கள் பகுதியில் தமிழ், கணிதம், இயற்பியல், வேதியியல், வணிகவியல், உடற்கல்வி என்று துறை துறையாகப் போட்டிருக்கிறார்கள், சந்தோஷம். தொழிற்கல்வி என்று ஒரு துறையே இல்லை. பல வருடம் பகுதி நேரச் சம்பளத்தில் முழு நேரமும் நின்றவர் அவர்.

பக்கம் போதவில்லை என்பீர்கள். வாழ்த்து விளம்பரம் மட்டும் 31 பக்கம், எண்ணிப் பார்த்துவிட்டேன். எங்கள் காலத்தில் ஒரு போட்டோ அச்சில் வர வேண்டுமென்றால் அதற்குத் தனியாக பிளாக் எடுக்க வேண்டும், ஆர்ட் பேப்பர் வாங்க வேண்டும், எல்லாமே காசு. அந்தப் பற்றாக்குறையிலும் அஞ்சு பிரிவுக்கும் இடம் கொடுத்தார்கள்.

சாதனையாளர்களுக்கு முன்னுரிமை என்றும் ஒருவர் கமெண்டில் சொல்லியிருந்தார். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017ல் நிறுத்திவிட்டது. நம் மலரில் டாக்டர்கள் ஆறு பக்கம், இன்ஜினியர்கள் ஒன்பது பக்கம். சரி, போடுங்கள், அவர்கள் உழைத்துப் படித்தவர்கள். ஆனால் பள்ளி மலர் என்பது யார் எங்கே உயர்ந்தார்கள் என்ற பட்டியலா, யாரெல்லாம் ஒன்றாகப் படித்தோம் என்ற பதிவா?

நீ ஏன் கமிட்டியில் சேரவில்லை என்று கேட்பீர்கள். கூப்பிட்டால்தானே வருவது? வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்ததே மலர் அச்சுக்குப் போன பிறகு, பணம் கட்டச் சொல்வதற்காக. கமிட்டிக்காரர்கள் ராப்பகலாக உழைத்தது தெரியும், அதில் குறை சொல்லவில்லை. ஆனாலும் வலிக்கிறது. அந்த வயதில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி “ஃபர்ஸ்ட் குரூப்பா?” இல்லை என்று சொன்னதும் அவர்கள் பார்வை எங்கள் அப்பா பக்கம் போகும். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். ஐம்பது வயது நெருங்கும்போது சொந்தப் பள்ளிக்கூடமே அதைத் திரும்பச் செய்தால் எப்படித் தாங்குவது?

என் பெஞ்சுக்காரன் ஒருவன் அந்த போட்டோவில் இல்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் அந்த வாரம் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். மலர் அச்சுக்குப் போகும்போது வாத்தியார் ஆபீஸ் ரூமில் நின்று சண்டை போட்டு, போட்டோவுக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வைத்தார். “படத்தில் இல்லாதவர்” என்று போட்டு, பக்கத்தில் அவன் பெயர், இனிஷியலோடு. அன்றைக்கு லீவு போட்ட ஒருத்தனுக்குக்கூட இடம் கொடுத்த பள்ளி அது.

அவன் ஐந்து வருடம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். “அங்கிள், பவள விழா மலர்ல அப்பா பேர் எந்தப் பக்கத்துல இருக்கு? ரெண்டு தடவை பார்த்துட்டேன்.”

கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். பிடிஎஃப் இன்னும் வெளியிடவில்லை என்கிறீர்கள், அதில் நாலு பக்கம் சேர்ப்பதற்குப் பேப்பர் செலவு கிடையாது. 1996 மலர் என்னிடம் இருக்கிறது, மற்ற வருடங்களுக்கு வீடு வீடாகப் போய் வாங்கி ஸ்கேன் செய்து தர நான் தயார். வாத்தியார் வீட்டுக்கும் நானே போகிறேன்.

அந்தப் பிள்ளைக்குப் பழைய மலரைத்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். எழுத்து பொடியாக இருந்ததால் அவன் பெயருக்குக் கீழே விரலை வைத்து எடுத்தேன்.