பொத்தானை அமுக்கினால் நாதஸ்வரம் வந்துவிடுமாம்!

"கீபோர்டிலேயே நாதஸ்வரம் இருக்கிறதே தம்பி, அதையே வாசித்துவிடுங்கள்!" மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்க வருகிற அத்தனை பேரும் இதையே சொல்கிறார்கள். மேளக் குழுவை வெளியூரிலிருந்து வரவழைத்தால் வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகப் போகும், புரிகிறது. தோட்டத்துச் சம்பளம் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த மிச்சத்தை என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

முதலில், என் கீபோர்டில் நாதஸ்வரமே இல்லை ஐயா! 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்கிற, கீபோர்டுகளுக்கான பொது ஒலிப் பட்டியலில் 128 ஒலிகள். அதில் 112-ஆவது, வடஇந்தியக் குழலான ஷெனாய். அந்த ஷெனாயைத்தான் ஊர் முழுக்க நாதஸ்வரம் என்று தாலிக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் இரண்டு கையாலும் பல சுரத்தைச் சேர்த்துக் கார்டு பிடித்து! எந்த வித்துவான் ஐயா ஒரே குழலில் மூன்று சுரத்தைச் சேர்த்து ஊதினார்?

சரி, நானே ஒலியை உருவாக்குகிறேன் என்று சிந்தசைசர் முன்னால் உட்கார்ந்தால், அடிப்படை ஒலி தேநீர் ஆறுவதற்குள் கிடைத்துவிடும். நேர்க்குழலான கிளாரினெட்டுக்குச் சதுர வடிவ ஒலி அலை பொருந்தும். நாதஸ்வரம் கூம்புக் குழல், ஆகவே மூல சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேற்சுரங்கள் எல்லாம் நிறைந்த, ரம்பப் பல் வடிவ அலை. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்புக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் இரைச்சல், ஒரு நேரத்தில் ஒரே சுரம், மேலே கூர்மையைக் கூட்டிக் குறைக்க ஒரு பில்டர். அவ்வளவுதான்.

வதை அதற்குப் பிறகுதான். கட்டையை அழுத்திய வேகம் மட்டுமே என் கீபோர்டுக்குத் தெரியும். அழுத்தியாயிற்றா, அதன் காது அடைத்துவிட்டது. வித்துவானோ ஒரு சுரத்தைப் பிடித்தபடியே மூச்சை ஏற்றுகிறார், இறக்குகிறார். ஓசை கூடும்போது கூர்மையும் கூடுகிறது, சுருதியும் சற்றே நகர்கிறது. நாதஸ்வரத்தில் துளையை மூடித் திறக்கும் சாவிகள் கிடையாது. மூச்சும் உதடும் துளையைப் பாதி மூடும் விரலும் சேர்ந்துதான் சுரத்தை அசைக்கும் கமகம் பிறக்கிறது. சுருதியை வளைக்கும் சக்கரமான என் பிட்ச் வீல் வழக்கமாக இரண்டு அரைச்சுரம்தான் வளையும். அதை அகலமாக்கினால் விரல் கொஞ்சம் நழுவினாலே தோடி ராகம் தெருவில் நிற்கும். அசைவுக்கு, சுரத்தைத் தானாக ஆட்டும் எல்எப்ஓவைப் போட்டால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் நடுங்குகிறது, குளிர்சுரம் வந்தவனைப்போல.

மூச்சுதான் வேண்டும் என்பது பொறியாளர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. 1983-இல் வந்த யமாஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரில் வாயால் ஊதும் கருவியைச் செருக ஓர் ஓட்டையே இருந்தது. மின்னிசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மிடி மொழியில் இன்றும் 2-ஆம் எண் கட்டுப்பாடு மூச்சுக்குத்தான். ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் கீபோர்டுகளில் அந்த ஓட்டையைத் தேடிப் பாருங்கள்! தாளக் கட்டுகளை மட்டும் நூற்றுக்கணக்கில் அடைத்துக் கொடுக்கிறார்கள்.

நான் தனியாக ஒரு மூச்சுக் கருவி வாங்கி, அதன் குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வாசித்தேன். சுரம் முதல்முறையாக உயிரோடு எழுந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் அனுதாபமாகக் கேட்டார்: "தம்பிக்கு ஆஸ்துமாவா?"

பில்டர் எவ்வளவு திறக்க வேண்டும், மூச்சின் வளைவு எப்படி ஏற வேண்டும் என்று ராத்திரியெல்லாம் மாரடிக்கிறேன். கூலி கேட்டால், "பொத்தானை அமுக்குவதற்கா இவ்வளவு?" என்கிறார்கள். இனி வரவேற்பு, விருந்து, கேக் வெட்டு எதற்கு வேண்டுமானாலும் வாசிக்கிறேன். தாலிக்கு மட்டும் மேளக்காரரைக் கூப்பிடுங்கள். முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டாலும் தருகிறேன்!