வீட்டை மாத்தினேன், டாக்டரை மாத்தல

"எட்டாம் மாசத்துல வீடு மாத்தறதே தப்பு. இதுல மலைக்குப் போயிட்டு, ஆஸ்பத்திரி மட்டும் கீழயா?"

ஏப்ரல் மாசம் முழுக்க இந்தக் கேள்விதான். கேட்காத ஒரே ஆள் எங்களை ஏற்காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போன கால் டாக்ஸி டிரைவர். அவரும் கேட்டிருப்பார், ஆனால் பத்தாவது கொண்டை ஊசி வளைவிலிருந்து நான் வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததால் மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு வங்கி வேலை. மாற்றல் ஏற்காட்டுக்கு. தினமும் ஏறி இறங்கிக்கொள்கிறேன் என்றுதான் முதலில் சொன்னார். அதே மாதம் நாங்கள் இருந்த சேலம் அஸ்தம்பட்டி வீட்டு ஓனர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். எனக்கு அப்போது 32 வாரம். அத்தை, அதாவது மாமியார், "மாசமா இருக்கறவ புது வீட்டுல பால் காய்ச்சக் கூடாது கண்ணு" என்று அவரே வந்து காய்ச்சினார். பால் தெற்குப் பக்கமாகப் பொங்கியதில் அவருக்கு மனசே இல்லை. அதை விடுங்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. நிறைமாதத்தை நெருங்கும்போது வீடு மாறுவது நமக்கு என்ன புதுசா? தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று சொல்லி, ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் அடுக்கி, கட்டுச்சோறு போட்டு, ஊரே கூடி அனுப்பி வைக்கிறோம். அன்றைக்கு அவள் வீட்டை மட்டுமா மாற்றுகிறாள்? அத்தனை மாதம் அவளைப் பார்த்த டாக்டரையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போகிறாள். அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. நான் சேலம் டாக்டரை மாற்ற மாட்டேன் என்றபோதுதான் "பிடிவாதக்காரி" ஆனேன்.

முதல் பிரசவத்தில் நானும் அப்படித்தான் போனேன், ஆத்தூர் பக்கம் அம்மா வீட்டுக்கு. எனக்கு ஏ நெகட்டிவ், அவருக்கு ஓ பாசிட்டிவ். நெகட்டிவ் தாய்க்கு 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால், அதன் ரத்தத்தை எதிர்க்கும் பொருள் தாயின் உடம்பில் உருவாகாமல் இருக்க. சேலத்தில் போட்டார்கள். அந்த விவரம் முழுக்க ஆஸ்பத்திரி ஃபைலில். என் கையில் இருந்தது மாத்திரைச் சீட்டு மட்டும். புது இடத்தில் ரத்தம் எடுத்து, அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் ஐசிடி டெஸ்ட் பார்த்தார்கள், லேசாக பாசிட்டிவ். "எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம், குழந்தைக்கு ஆபத்து" என்றார்கள். ஊசி போட்டீர்களா என்று கேட்டார்கள்தான். போட்டார்கள், ஆனால் அது டெட்டனஸுக்குப் போடும் டிடி ஊசியா வேறு ஊசியா என்று எனக்கு எங்கே தெரியும்? மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் சேலம் டாக்டரை போனில் பிடித்தோம். "ஆன்டி-டி போட்டு ரெண்டு வாரம்தானேம்மா ஆகுது? அந்த மருந்துதான் டெஸ்ட்ல தெரியுது" என்று அரை நிமிஷத்தில் முடித்தார்.

அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை. ரேஷன் கார்டு மாதிரி முகவரி மாறினால் மாற்றிக்கொள்ள, டாக்டர் என்ன கடையா?

ஆனால் பிடிவாதம் மட்டும் இருந்தால் மலையில் வேலைக்கு ஆகாது. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை. "முதல் பிரசவம் எத்தனை மணி நேரம்?" என்றார். ஒன்பது என்றேன். "ரெண்டாவது அவ்வளவு நேரம் எடுக்காதும்மா. 37 வாரம் முடிஞ்சதும் கீழ வந்து தங்கிடு. அதுக்கு முன்னாடி பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ என்னைத் தேடி மலை இறங்காத. ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்கு முதல்ல போ." தன்னிடம் வராதே என்று சொல்கிற டாக்டரைத்தான் விடக் கூடாது என்று அன்றைக்கு இன்னும் உறுதியானது.

தூரம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்களே, அது முப்பது சொச்சம் கிலோமீட்டர். அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. செவ்வாய்க்கிழமை காலையில் செக்கப்புக்கு இறங்கியபோது ஒரு மணி நேரம். மே மாத ஞாயிறு, சுற்றுலா வண்டிகள் 60 அடி பாலத்துக்கு மேலே வரிசை கட்டி நின்ற அன்று இரண்டரை மணி நேரம். இன்னொரு நாள் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து, முன்னால் போகிற பஸ்ஸின் விளக்கே தெரியாமல் ஓரம் கட்டி நின்றோம். குப்பனூர் வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வலி எடுத்தவளை உட்காரவைத்து அதை ஓட்டிப் பாருங்கள்.

108 இருக்கே என்று ஒருத்தர் சமாதானம் சொன்னார். 108 தெய்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பக்கத்தில் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், நம் டாக்டர் இருக்கும் வாசலில் இறக்கிவிட அது டாக்ஸி இல்லை. அதனால் இந்த முறை ஃபைல் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்தேன். ரத்த வகை, ஊசி போட்ட தேதி, ஸ்கேன், தாய் சேய் நல அட்டை எல்லாம். வீடு மாற்றிய அன்று நான் தூக்கிய ஒரே சாமான் அதுதான். போனிலும் படம் எடுத்து அவருக்கும் தங்கச்சிக்கும் அனுப்பியாச்சு.

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண் என்னாகும் என்ற பயமும் இருந்தது. ஒன்றும் ஆகாது. வீடு மாறினாலும் எண் அதேதான், புது ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் விவரம் சொன்னால் போதும். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். மேலே இருக்கும் செவிலியர் அக்கா "இங்க பாக்க மாட்டியா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் திணித்தார்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து காபித் தோட்டத்தில் வேலை செய்கிற அக்கா சிரித்தார். "ஆஸ்பத்திரிய நாங்க எங்கம்மா தேர்ந்தெடுக்கறது? மெயின் ரோட்டுக்கு வர வண்டி கெடச்சாலே பெருசு." எனக்கு சேலம் அழகாபுரத்தில் சித்தி வீடு இருந்தது, போய்த் தங்கினேன். சேர்வராயன் மலையின் உள் கிராமத்துப் பெண் எங்கே போய்த் தங்குவாள்? மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க காத்திருப்பு அறை என்று ஒரு ஏற்பாடு உண்டு. நல்ல யோசனை. ஆனால் வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளையும் ஆட்டையும் அன்றாடக் கூலியையும் விட்டுவிட்டு எத்தனை பேரால் வந்து படுத்துக்கொள்ள முடியும்? நான் பேசும் உரிமை, சித்தி வீடு இருப்பவளின் உரிமை. இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு பாதிப் பொய்.

38 வாரம் இரண்டு நாளில், ராத்திரி பதினொன்றரைக்கு வலி எடுத்தது. ஆட்டோவில் பத்து நிமிஷம். மூன்று மணிக்கெல்லாம் பெண் பிறந்துவிட்டாள். அந்த வலியோடு மலையில் இருந்திருந்தால் எந்த வளைவில் பிறந்திருப்பாளோ. ஓ பாசிட்டிவ். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டியை, நர்ஸ் ஃபைலைத் திறந்து பழைய தேதியைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் மறுநாள் காலையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

விடிந்ததும் அத்தைக்கு போன் போட்டோம். மலையில் பெரியவளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பேத்தி என்றதும் முதல் கேள்வி, "அந்த டாக்டரம்மாதான் பாத்தாங்களா?"

"ஆமாங்க அத்தை."

"அப்ப சரி. பாலு தெக்கால பொங்குச்சா, அதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல."