பீட்டா என்றால் எதுவும் செய்யலாமா?

நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய கோட் எடிட்டர் (நிரல் எழுதும் மென்பொருள்), காலையில் தானாகவே புதிய பீட்டாவுக்கு, அதாவது சோதனைப் பதிப்புக்கு, மாறியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி என்று வேலையைத் தொடங்கினால், தமிழ் வரிகளில் கர்சர் எழுத்தின் நடுவில் போய் நிற்கிறது! 'கி' நமக்கு ஒரே எழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் அது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த 2 குறியீடுகள். இரண்டையும் ஒன்றாக நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். முந்தைய பதிப்பு அதைச் சரியாகச் செய்தது.

எடிட்டரை உருவாக்கியவர்களுக்குப் புகார் எழுதினேன். "பீட்டாதானே" என்று பதில். ஜிமெயில்கூட 2004 முதல் 2009 வரை பீட்டாவாகவே இருந்தது. அந்தச் சொல்லை வைத்து எத்தனை ஆண்டு தப்பிப்பார்கள்? சோதிக்க விரும்புகிறவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள். எனக்குப் பழைய பதிப்புக்குத் திரும்பவே அரை நாள் போய்விட்டது.