இரண்டாவது இழை

எங்கள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பன்று மாசமாக இருப்பவளுக்கு இரண்டு இழை. ஒன்று அவளுக்கு, ஒன்று வயிற்றுப் பிள்ளைக்கு. புது வேட்டியில் உருவிய 21 நூலைத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நானும் எடுத்திருக்கிறேன். அதனால் ‘கரு வெறும் சதைதானே’ என்று யாராவது எழுதினால் எனக்கு வலிக்கிறது. கருக்கலைப்பு உரிமை வேண்டும் என்பவள்தான் நான். அப்படியும் வலிக்கிறது.

போன மாசம் பங்காளி வீட்டுப் பெண்ணுக்கு 19 வாரம். பிள்ளைக்கு மண்டையோடே உருவாகவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. பிறந்தாலும் தங்காது. அழுது ஓய்ந்து அவளே முடிவெடுத்தாள். போன ஆஸ்பத்திரியில் கணவர் கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சிங்கப்பூரில். 1971 கருக்கலைப்புச் சட்டம் 18 வயதான பெண்ணின் சம்மதத்தை மட்டும்தான் கேட்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். இதைச் சொல்லிச் சொல்லி நாலு நாள் அலைந்தோம். நாலு நாளும் அவள் வளவில், உள்முற்றத்துத் தூணில் சாய்ந்தே கிடந்தாள். கை தானாக வயிற்றுக்குப் போகும், சட்டென்று எடுத்துக்கொள்வாள்.

பெரியவர்கள் ‘பாவம்’ என்றார்கள், அவள் காதில் விழும்படி. தினமும் திருவாசகம் படிப்பவர்கள். போற்றித் திருஅகவலில் மாணிக்கவாசகர் கருவில் ஒவ்வொரு மாசமும் எதிலிருந்தெல்லாம் பிழைத்தோம் என்று எண்ணுகிறாரே, பிழைக்காத கருவும் உண்டென்று அறிந்தவர் அல்லவா அவர்? மதங்களும் ஒரே கணக்குச் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கரு உண்டானது முதலே காக்க வேண்டிய உயிர். இஸ்லாமிய அறிஞர்கள் பலருக்கு ரூஹ், அதாவது ஆன்மா, ஊதப்படுவது 120 நாளில். இதில் எதை வைத்து எல்லாப் பெண்ணுக்கும் ஒரே சட்டம் போடுவது?

ஆனால் ‘அவள் முடிவு’ என்று சொல்லும் நம் பக்கமும் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994 சட்டம் தடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் பெண் என்பதற்காகக் கலைத்த வீடுகளில், மாமியார் பக்கத்தில் நிற்க மருமகள் போட்ட கையெழுத்து அவள் முடிவா? அன்றைக்கு ‘பாவம்’ என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. கலைக்கச் சொல்லி நெருக்குவதும் கலைக்காதே என்று நெருக்குவதும் எனக்கு ஒன்றுதான்.

நோன்பு வருகிறது. அவள் அம்மா போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: “அவளுக்கு எத்தனை இழை பிடிக்கட்டும்?”

“அவகிட்டயே கேளுங்க ஆச்சி” என்றேன்.